மின்சாரத்துக்குக் கணக்கு எழுதிய பூட்டுக்காரர் மகன்

ஓம் என்றதும் நமக்குக் கோவில் மணி ஓசை ஞாபகம் வரும். பிரணவ மந்திரம் ஞாபகம் வரும். ஆனால் மின்சார வேலை செய்கிறவரிடம் ஓம் என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை ஓம் என்று திருப்பிக் கேட்பார்!

துணியை மீட்டரால் அளக்கிறோம். பாலை லிட்டரால் அளக்கிறோம். ஒரு கம்பி மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓம் என்ற அளவால் அளக்கிறார்கள். ரேடியோப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சிறு சிறு உருளைகள் பல நிறக் கோடுகளுடன் இருக்கும். அந்தக் கோடுகள் சொல்லுவதெல்லாம் இத்தனை ஓம் என்ற கணக்குத்தான்.

இந்த ஓம் மந்திரம் அல்ல. ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனி நாட்டில் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம் என்பவரின் குடும்பப் பெயர். அவர் பெரிய பிரபு அல்ல. பூட்டுச் செய்கிற ஒரு தொழிலாளியின் மகன். வாழ்நாளில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் உலகத்துக்குக் கொடுத்தது, ஐந்தாம் வகுப்புப் பையன்கூடப் போடக்கூடிய ஒரு வகுத்தல் கணக்கு. அந்த ஒரு கணக்கை நம்பித் தம் உத்தியோகத்தையே பணயம் வைத்தார். உத்தியோகம் போயிற்று. கணக்கு நின்றது.

பட்டறையில் ஒரு பள்ளிக்கூடம்

ஜெர்மனியின் தெற்கே எர்லாங்கன் என்று ஓர் ஊர். அங்கே 1789-ஆம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி ஜார்ஜ் சைமன் ஓம் பிறந்தார். தகப்பனார் ஜோஹான் உல்ப்காங் ஓம், பூட்டுத் தொழிலாளி. தாயார் ஒரு தையற்காரரின் மகள். ஏழு குழந்தைகள் பிறந்தன. அந்தக் காலத்துக் கொடுமை, மூன்றுதான் தங்கின: ஜார்ஜ், அவர் தம்பி மார்ட்டின், ஒரு தங்கை. ஜார்ஜுக்குப் பத்து வயது ஆனபோது தாயாரும் இறந்து போனார்.

தகப்பனார் ஒரு விசித்திர மனிதர். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு அதிகம் இல்லை. ஆனால் தாமாகவே புத்தகங்களை வாங்கிப் படித்துக் கணிதம் கற்றார், பௌதிகம் கற்றார், ரசாயனம் கற்றார், தத்துவமும் கற்றார். கற்றதை இரண்டு பையன்களுக்கும் தாமே சொல்லிக் கொடுத்தார். பகலெல்லாம் அரத்தைப் பிடித்த கை, பிறகு பலகையில் கணக்கு எழுதியது. ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் ஜார்ஜ் படித்தார். ஆனால் அங்கே லத்தீனும் உரை மனப்பாடமும்தான் அதிகம். விஞ்ஞானம் வீட்டில்தான் கிடைத்தது.

எர்லாங்கன் சர்வகலாசாலையில் லாங்ஸ்டார்ப் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். பூட்டுக்காரரின் பையன்களைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பரீட்சை செய்து பார்த்தார். அவருக்கு ஒரே ஆச்சரியம். பெர்னூலி என்று ஒரு குடும்பம் அண்ணன் தம்பிகளாகக் கணித மேதைகளைக் கொடுத்த குடும்பம். அந்தக் குடும்பத்தோடு இந்தப் பையன்களை ஒப்பிட்டு மெச்சினார்.

ஜார்ஜ் தகப்பனாரிடம் பெற்ற சொத்து கணிதம் மட்டும் அல்ல. இரும்பையும் செம்பையும் தொட்டு வேலை செய்கிற கைப்பழக்கமும் வந்தது. பூட்டுக்குள் இருக்கும் நாக்கு ஒரு நூல் தப்பினாலும் சாவி திரும்பாது. அந்த நுணுக்கம் பிற்காலத்தில் எங்கே வந்து கைகொடுத்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

நடனமும் பில்லியர்ட்ஸும்

1805-இல் ஜார்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்தார். பதினாறு வயது. பட்டறையிலிருந்து முதல் முறையாக வெளியே வந்த பிள்ளை. பாடத்தை மறந்தார். நடனம் ஆடினார், பனிக்கட்டியின் மேல் சறுக்கி விளையாடினார், பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றினார். தமக்குக் கிடைக்காத படிப்பு மகனுக்குக் கிடைத்தும் அதை இப்படி வீணாக்குகிறானே என்று தகப்பனார் கொதித்தார். மூன்று பருவம் முடிந்ததும் படிப்பை நிறுத்தி, 1806-இல் ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பி விட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. பதினேழு வயதில் வாத்தியார்!

தண்டனையாகத் தொடங்கியது நன்மையாக முடிந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஜார்ஜ் தாமும் படித்தார். லாங்ஸ்டார்ப் வேறு ஊருக்கு மாறிப் போனபோது ஓமும் பின்னாலேயே போக ஆசைப்பட்டார். பேராசிரியர் தடுத்தார். ஆயிலர், லாப்லாஸ் போன்ற மேதைகளின் நூல்களைத் தனியாக இருந்து படி என்று யோசனை சொன்னார். ஓம் அப்படியே செய்தார். 1811-இல் எர்லாங்கனுக்குத் திரும்பி வந்து டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் வந்தது, பணம் வரவில்லை. சர்வகலாசாலையில் சிறிது காலம் பாடம் நடத்தினார். அந்த வருமானம் சாப்பாட்டுக்கே போதவில்லை. பாம்பெர்க் என்ற ஊரில் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனார். 1816-இல் அந்தப் பள்ளிக்கூடத்தையே மூடி விட்டார்கள். அதே ஊரில் கூட்டம் நிரம்பி வழிந்த இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். மனம் நொந்த நிலையில் ஜியோமிதி கற்பிப்பது பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி, பிரஷ்ய மன்னருக்கு ஒரு பிரதி அனுப்பி வைத்தார். அப்போது ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பிரஷ்யா, பவேரியா என்று தனித்தனி ராஜ்யங்களாக இருந்தது. புத்தகம் பலன் தந்தது. 1817-இல் பிரஷ்யாவைச் சேர்ந்த கொலோன் நகரத்தில் ஒரு நல்ல உயர்தரப் பள்ளியில் வேலை கிடைத்தது.

கொலோனில் அவரிடம் படித்த பையன்களில் ஒருவன் பெயர் டிரிச்லெட். இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மறுபடியும் வருகிறது.

செம்புக் கம்பி எட்டு

கொலோன் பள்ளியில் பௌதிகச் சாமான்கள் நிறைய இருந்தன. 1820-இல் டென்மார்க்கிலிருந்து ஒரு செய்தி பரவியது. ஓர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகில் திசைகாட்டி ஊசியை வைத்தால் ஊசி திரும்புகிறது என்று கண்டுபிடித்தார். ஐரோப்பா முழுவதும் அதே பேச்சு. ஓமின் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஊசி திரும்புகிறது, சரி. எவ்வளவு திரும்புகிறது? கம்பி நீளமானால் எவ்வளவு குறைகிறது?

மற்றவர்கள் மின்சாரத்தை வேடிக்கை பார்த்தார்கள் என்று சொல்லலாம். ஓம் அளக்க உட்கார்ந்தார். அளக்கிற கருவி கடையில் கிடைக்காத காலம். வோல்ட் மீட்டர் இல்லை, ஆம்பியர் மீட்டர் இல்லை. அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு என்கிற தெளிவுகூட விஞ்ஞானிகளிடம் இல்லை. ஆகவே கருவியைத் தாமே செய்தார். காந்த ஊசியை ஒரு மெல்லிய தங்கக் கம்பியில் தொங்கவிட்டார். மின்சாரம் ஓடும்போது ஊசி விலகும். அது பழைய இடத்துக்குத் திரும்பும்வரை தங்கக் கம்பியை மேலேயிருந்து முறுக்குவார். எவ்வளவு முறுக்கினோமோ அதுதான் மின்சாரத்தின் வலிமை. பூட்டுக்காரர் மகனுக்கு ஏற்ற வேலை!

முதலில் அவசரப்பட்டார். 1825-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் சொன்ன சூத்திரம் தவறு. காரணம், அவர் உபயோகித்த மின்கலம். அந்தக் காலத்து மின்கலம் ஒரு நிலையில் நிற்காது. தொடங்கும்போது பலமாக இருக்கும், சிறிது நேரத்தில் சோர்ந்து போகும். தராசு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறினால் வியாபாரம் என்ன ஆகும்? கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர் பெயர் போகெண்டார்ப். அவர் ஒரு யோசனை சொன்னார். மின்கலத்தை விட்டு விடுங்கள்; இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் சூட்டினால் மின்சாரம் வருகிறதே, அதை உபயோகியுங்கள் என்றார்.

தாமஸ் சீபெக் என்பவர் சில ஆண்டுகளுக்கு முன் கண்ட விஷயம் அது. பிஸ்மத் என்ற உலோகத்தையும் செம்பையும் இரண்டு இடத்தில் இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் உண்டாகும். ஓம் ஓர் இணைப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். நீர் கொதிக்கிற வரையில் அதன் சூடு மாறாது. பனிக்கட்டி உருகித் தீருகிற வரையில் அதன் குளிர்ச்சி மாறாது. ஆகவே மின்சாரமும் மாறவில்லை. தராசு கைக்கு வந்துவிட்டது.

ஒரே பருமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்துக் கொண்டார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்து ஊசியைப் பார்த்தார். 1826 ஜனவரியில் எடுத்த அளவுகள் இன்றும் இருக்கின்றன. 2 அங்குலக் கம்பிக்கு 326¾. 34 அங்குலத்துக்கு 134½. 130 அங்குலத்துக்கு 48½.

இந்த எண்களைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. நீளம் 65 மடங்கு கூடியிருக்கிறது. ஓட்டமோ ஏழில் ஒரு பங்குக்குத்தான் இறங்கியிருக்கிறது. கணக்கு உதைக்கிறதே! ஓம் விடவில்லை. கம்பி மட்டுமா தடுக்கிறது? மின்சாரம் பிஸ்மத் துண்டின் வழியாகவும் இணைப்புகளின் வழியாகவும் ஓடுகிறதே, அவையும் தடுக்கும் அல்லவா? அந்தத் தடை எப்போதும் ஒன்றுதான். அது 20¼ அங்குலக் கம்பிக்குச் சமம் என்று கண்டார்.

இப்போது ஒவ்வொரு நீளத்தோடும் 20¼-ஐக் கூட்டிப் பெருக்கிப் பாருங்கள். 22¼-ஐ 326¾-ஆல் பெருக்கினால் சுமார் 7,270. 54¼-ஐ 134½-ஆல் பெருக்கினால் சுமார் 7,297. 150¼-ஐ 48½-ஆல் பெருக்கினால் சுமார் 7,287. ஏறக்குறைய ஒரே எண்! தடை கூடினால் ஓட்டம் அதே விகிதத்தில் குறைகிறது. தடையையும் ஓட்டத்தையும் பெருக்கினால் வருவது, மின்சாரத்தைத் தள்ளுகிற அழுத்தம். இயற்கை ஒளித்து வைத்திருந்த பூட்டு திறந்து விட்டது.

கணக்கு இதுதான்

ஓம் கண்ட விதியை வீட்டுச் சாமானை வைத்தே பார்த்து விடலாம்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் வரும். உயரம் என்பது மின் அழுத்தம். அதை அளப்பது வோல்ட். வருகிற தண்ணீர் மின் ஓட்டம். அதை அளப்பது ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தாலும் நீளமாக இருந்தாலும் தண்ணீர் தயங்கித் தயங்கி வருகிறதே, அதுதான் தடை. அதை அளப்பது ஓம்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் வரும். இவ்வளவுதான் ஓம் விதி.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஓர் இஸ்திரிப் பெட்டியில் 5 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கம்பியின் தடை 46 ஓம்.

அது எவ்வளவு மின்சாரம் சாப்பிடும்? இப்போது வகுக்காமல் பெருக்க வேண்டும். 230-ஐ 5-ஆல் பெருக்கினால் 1,150 வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். ஆகவே பெட்டி முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலே. மின்சார பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற வீட்டுத் தலைவர்கள் இந்தப் பெருக்கலைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். வெந்நீர் போடும் கம்பிச் சுருளில் 1,500 வாட் என்று எழுதியிருக்கிறது. 230-ஆல் வகுத்தால் ஆறரை ஆம்பியர். சுவரில் உள்ள சின்ன பிளக்கு 6 ஆம்பியருக்கு மேல் தாங்காது. அதில் கொண்டுபோய்ச் செருகினால் பிளக்கு சூடாகிக் கருகும். ஐந்து நிமிஷந்தானே என்று சமாதானம் சொல்லிச் செருகுகிறவர்கள் உண்டு. பெரிய பிளக்கு எதற்கு இருக்கிறது?

ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று அம்மா அதட்டுவதற்கும் ஓம்தான் காரணம் சொல்லுகிறார். உலர்ந்த தோலுக்குத் தடை அதிகம். நனைந்தால் தடை மிகவும் குறைந்து விடும். அழுத்தம் அதே 230 வோல்ட். வகுக்கிற எண் சிறியதானால் விடை பெரியது ஆகும். அந்த விடை நம் உடம்பு வழியாக ஓடுகிற மின்சாரம்!

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். சூடு மாறினால் தடையும் மாறும். பழைய மாதிரி இழை பல்பு ஒன்று, 60 வாட், எரியும்போது சுமார் 880 ஓம் காட்டும். அணைந்து குளிர்ந்த பிறகு அளந்தால் அதைவிட மிகக் குறைவாக இருக்கும். ஓம் கொதிநீரையும் பனிக்கட்டியையும் வைத்துக்கொண்டு பாடுபட்டதன் அருமை இதிலிருந்தே தெரியும்.

வாட் கணக்கு ஓம் கண்டது அல்ல. அதற்கு அடிப்படை போட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜூல். பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. 1840-ஐ ஒட்டி அவர் பரிசோதனை செய்து, ஓட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்று காட்டினார். ஓம் வகுத்த வழி இல்லாவிட்டால் ஜூல் அந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது.

பெர்லினில் பட்ட பாடு

விதியைக் கண்டுபிடித்ததும் ஓம் பெரிய கனவு கண்டார். பள்ளிக்கூடத்தை விட்டுச் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆக வேண்டும். 1826-இல் ஒரு வருஷம் விடுமுறை கேட்டார். பாதிச் சம்பளத்தில் கொடுத்தார்கள். பெர்லினுக்குப் போனார். தம்பி மார்ட்டின் அங்கே கணிதம் கற்பித்து வந்தார். 1827-இல் ஓமின் நூல் பெர்லினில் வெளிவந்தது. மின்சாரம் ஓடும் சுற்றைக் கணித முறையில் ஆராய்கிற நூல்.

அதற்கு வழி காட்டியது பிரெஞ்சுக்காரரான பூரியே எழுதிய வெப்ப நூல். கொதிக்கிற குழம்பில் போட்ட கரண்டியின் காம்பு மெல்ல மெல்லச் சூடாகிறது அல்லவா? இரும்பின் ஓர் அணு அடுத்த அணுவுக்குச் சூட்டைக் கை மாற்றுகிறது. மின்சாரமும் இப்படித்தான் கை மாறிப் போகிறது என்று ஓம் எண்ணினார். அதைப் பக்கம் பக்கமாகக் கணிதத்தில் எழுதினார்.

அங்கேதான் வந்தது வினை. அந்நாளில் ஜெர்மானிய அறிஞர் பலருக்குப் பௌதிகத்தில் கணிதத்தைக் கலப்பதே பிடிக்காது. இயற்கையைத் தத்துவத்தால் அறிய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. போல் என்ற விஞ்ஞானி பெர்லின் பத்திரிகையில் விமர்சனம் எழுதினார். ஆதாரமில்லாத வெறும் கற்பனை என்று நூலை ஒதுக்கித் தள்ளினார். மற்றவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. படிக்காமலே விட்டு விட்டார்கள்.

குற்றம் முழுவதையும் அவர்கள் தலையில் போட்டு விடுவதும் நியாயம் ஆகாது. முதல் கட்டுரையில் தவறான சூத்திரத்தைக் கொடுத்தவர் ஓம். நூலிலாவது அந்த எட்டுக் கம்பிகளை முன்னால் நிறுத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல் கடினமான கணிதத்தை முன்னால் வைத்தார். சாட்சியை வீட்டில் விட்டுவிட்டு வழக்காடப் போன மாதிரி ஆயிற்று.

கல்வி இலாகா அவருக்குப் பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. ஓமுக்கு ரோஷம் அதிகம். 1828-இல் கொலோன் வேலையை ராஜினாமா செய்தார். பதினோரு வருஷ உத்தியோகம் போயிற்று. வயது முப்பத்தொன்பது. கல்யாணம் செய்து கொள்ளவில்லை. கடைசிவரை செய்து கொள்ளவும் இல்லை. பெர்லினில் ராணுவக் கல்லூரியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குப் பாடம் நடத்தி, கிடைத்ததை வைத்துச் சாப்பிட்டார். அப்படியே ஐந்து வருஷத்துக்கு மேல் கழிந்தது.

டிரிச்லெட் என்ற மாணவனை நினைவில் வைக்கச் சொன்னேனே! அந்தப் பையன் பாரிஸில் படித்து மேதையாகித் திரும்பி, அதே 1828-இல் பெர்லினுக்கு வந்தான். சில வருஷத்தில் பெர்லின் சர்வகலாசாலையின் பேராசிரியர் ஆனான். மாணவனுக்குக் கிடைத்த நாற்காலி, அதே ஊரில் இருந்த குருவுக்குக் கிடைக்கவில்லை.

லண்டனிலிருந்து வந்த பதக்கம்

1833-இல் ஓம் பவேரியாவுக்கே திரும்பி வந்தார். நூரம்பெர்க் தொழிற்கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அவர் விரும்பிய சர்வகலாசாலை அல்ல. ஆனாலும் பேராசிரியர் என்ற பெயர் வந்தது. 1839-இல் அந்தக் கல்லூரியின் தலைவரும் ஆனார்.

இதற்குள் மெல்ல மெல்லக் காற்று திரும்பியது. பெக்னர் என்ற ஜெர்மானியர் பரிசோதனைகள் செய்து ஓம் விதி சரியே என்று எழுதினார். ரஷ்யாவில் லென்ஸ் ஒப்புக் கொண்டார். பிரான்சில் பூயே என்பவர் தாமும் பரிசோதனை செய்து அதே முடிவுக்கு வந்தார். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி ஓமுக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. அந்தச் சங்கத்தின் மிகப் பழைமையான விருது அது. அதே வருஷம் அவர் நூல் ஆங்கிலத்திலும் வந்தது. நூல் வெளிவந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. சொந்த ஊர்க்காரர் கண்ணில் படாத சரக்கு கடல் தாண்டி விலை போயிற்று. பவேரிய அறிவியல் கழகம் அவரை முழு உறுப்பினராக்கியது 1845-இல்தான்.

இடையில் ஒலியைப் பற்றியும் ஓம் ஆராய்ந்தார். பல சுருதிகள் கலந்து வரும் ஒலியை நம் காது தனித்தனிச் சுருதியாகப் பிரித்துக் கேட்கிறது என்று 1843-இல் சொன்னார். அதையும் எதிர்த்து ஒருவர் சண்டை போட்டார். அவர் பெயர் ஆகஸ்ட் சீபெக். யார் தெரியுமா? ஓமுக்கு நிலையான மின்சாரம் கிடைக்க வழி செய்தாரே தாமஸ் சீபெக், அவருடைய மகன்! தகப்பன் கொடுத்தார், மகன் மறுத்தார்.

1849-இல் ஓம் மியூனிக் நகருக்குப் போனார். அறிவியல் கழகத்தின் பௌதிகக் கருவிகளைப் பாதுகாக்கும் பொறுப்பு கொடுத்தார்கள். 1852-இல் மியூனிக் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியர் பதவி வந்தது. பெர்லினுக்கு எந்தப் பதவியைத் தேடிப் புறப்பட்டாரோ அந்தப் பதவி. அப்போது வயது அறுபத்து மூன்று. இரண்டே வருஷம் அதை அனுபவித்தார். 1854 ஜூலை 6-ந் தேதி காலமானார். மியூனிக் பழைய இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

பெயர் அளவாயிற்று

ஓம் இறந்த சில வருஷத்தில் உலகம் அவரைத் தேடிக்கொண்டு வந்தது. காரணம் தந்தி. அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் கம்பி போட்டு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைக்க முயன்றார்கள். ஆயிரக்கணக்கான மைல் கம்பி. அதன் வழியே ஓட்டம் எவ்வளவு குறையும், எங்கே கம்பி பழுதாகியிருக்கிறது என்றெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டும். தடையை அளக்க எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவு இல்லாமல் முடியாது. 1861-இல் பிரிட்டனில் விஞ்ஞானிகள் ஒரு கமிட்டி அமைத்து அந்த வேலையைத் தொடங்கினார்கள். 1881-இல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்சார மகாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற பெயர்களை உலகத்துக்குப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. வோல்ட்டா இத்தாலியர், ஆம்பியர் பிரெஞ்சுக்காரர், ஓம் ஜெர்மானியர். மூவரில் ஒருவரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. வாட் என்ற அளவு மறு வருஷம் முன்மொழியப்பட்டது. நீராவி யந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயர் அது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓம் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பே, 1781-இல், இங்கிலாந்தில் கேவண்டிஷ் என்ற பணக்கார விஞ்ஞானி இந்த விதியைக் கண்டிருந்தார். அவருக்கு மீட்டர் அவருடைய உடம்புதான்! மின்சாரத்தைத் தம் உடம்பிலேயே பாய்ச்சிக் கொண்டு, அதிர்ச்சி எவ்வளவு என்று உணர்ந்து கணக்கு எழுதினார். மகா கூச்ச சுபாவம் உள்ளவர். எழுதியதை ஒருவருக்கும் காட்டாமல் பெட்டியில் வைத்து விட்டுப் போனார். மாக்ஸ்வெல் என்ற மேதை அந்தக் காகிதங்களை எடுத்து 1879-இல் வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் ஓமின் பெயர் எல்லா நாட்டுத் தந்தி ஆபீசுகளிலும் ஏறி விட்டது.

ஓமின் அடையாளமாக எழுதுவது கிரேக்க மொழியின் கடைசி எழுத்து. பார்ப்பதற்குக் குதிரை லாடம் போல இருக்கும். மின்சாரத்துக்கு ஒரு கம்பி எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதற்கு, அதாவது தடைக்கு நேர் எதிரான குணத்துக்கு, ஓம் என்பதன் ஆங்கில எழுத்துக்களைத் தலைகீழாக மாற்றி மோ என்று பெயர் வைத்தார் கெல்வின் பிரபு. அடையாளமும் தலைகீழான லாடம். பிற்பாடு அந்தப் பெயரை மாற்றி சீமென்ஸ் என்று வைத்து விட்டார்கள். ஓம் மாறவில்லை. நூரம்பெர்கில் அவர் வேலை பார்த்த தொழிற்கல்லூரியின் வழியில் வந்த கல்லூரிக்கு இன்று ஜார்ஜ் சைமன் ஓம் என்றே பெயர். அவர் பிறந்த எர்லாங்கனிலும் ஒரு பள்ளிக்கூடம் ஓம் பெயரில் நடக்கிறது.